காற்றுக் குழாய்க்குப் பித்தளை இணைப்பு

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்னும் ஊர்களின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தோல் பதனிடும் தொழிலே யாருக்கும் நினைவுக்கு வரும். இவ்வட்டாரத்தின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள சோளிங்கருக்கோ மலைமேல் எழுந்தருளியுள்ள நரசிம்மப் பெருமாளால் வந்த புகழே பெரிது. ஆயினும் 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த இராணிப்பேட்டை மாவட்டத்தில் அடங்கிய இவ்வூரும் தொழிலுக்குப் புறம்பானதன்று. பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தின் வார்ப்படத் தொழிற்சாலை இங்கே உள்ளது. சுற்றுப்புறக் கிராமங்களில் நெல்லும் நிலக்கடலையும் கரும்பும் பயிரிடும் குடும்பங்கள் பலவற்றிலிருந்து ஆண்களும் பெண்களும் இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் ஆலைகளுக்கும் காலணி ஆலைகளுக்கும் நாள்தோறும் சென்று வருகின்றனர். அங்கே கற்ற வேலையைக் கொண்டு தம் ஊரிலேயே சிறு தொழிற்கூடம் அமைக்க விரும்புவோரும், அவர்களுக்கு உதவ முன்வரும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் பஞ்சாயத்துகளும் உண்டு. இக்கட்டுரை அத்தகையோரை மனத்திற்கொண்டு எழுதப்படுகிறது.

இத்தொழிற்கூடங்களில் மின்சாரத்திற்கு அடுத்தபடியாக வேலை செய்வது அழுத்தப்பட்ட காற்றே ஆகும். பதனிட்ட தோலின்மேல் சாயமும் மெருகும் தெளிக்கும் துப்பாக்கிகள் காற்றினால் இயங்குகின்றன. காலணியின் அடிப்பாகத்தை ஒட்டி அழுத்தும் யந்திரமும், தையல் யந்திரத்தில் நூலைத் தானே அறுத்துப் பாதத்தைத் தூக்கிவிடும் அமைப்பும் பெரும்பாலும் காற்றினால் இயங்குவனவே. நவீன அரிசி ஆலைகளில் கறுப்பரிசியைப் பொறுக்கித் தள்ளும் நிறம்பிரி யந்திரம் ஒவ்வொரு மணியையும் கண்டறிந்து நொடிப்பொழுதில் ஒரு காற்றுத் தெறிப்பால் ஒதுக்குகிறது. மசாலைப் பொடியைப் பையிலிட்டு ஒட்டும் யந்திரத்திலும் காற்றுத்தான் கை. ஏன், ஊர்க் கொல்லனின் தோல் துருத்திகூட இதே குலத்தைச் சேர்ந்ததுதான். அதில் காற்று கசிந்தால் உலை மங்குவதைக் கொல்லன் கண்ணாலே கண்டுவிடுவான். கம்ப்ரஸரில் கசிந்தால் அது மின்சாரக் கணக்கில்தான் தெரிய வரும்; அதுவும் இரண்டு மாதம் கழித்து.

கம்ப்ரஸரிலிருந்து யந்திரம் வரையில் காற்றைக் கொண்டுசெல்பவை விரற்பருமன்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய்கள். அவற்றை யந்திரத்தோடும் வால்வோடும் சேர்ப்பவை நிக்கல் பூசிய சிறு பித்தளை இணைப்புகள். கடைக்காரர் இவற்றை ‘புஷ் பிட்டிங்’ என்றும் ‘ஒன் டச்’ என்றும் சொல்வார். குழாயை உள்ளே தள்ளினால் பிடித்துக்கொள்ளும். சாவியும் திருப்புளியும் வேண்டா. ஒன்றின் விலை சில பத்து ரூபாய்க்குள் அடங்கும். அத்துணை அற்பமான சாமான் என்பதனாலேயே இதைப்பற்றி எவரும் விசாரிப்பதில்லை. ஆனால் ஒரு சிறு கூடத்தின் காற்று வீணாவது பெரும்பாலும் இவ்விடங்களிலேதான். மேலும் தோல் பதனிடும் இடத்திலும் மாட்டுத் தொழுவத்திலும் பித்தளைக்கு என்றே ஒரு பகை காத்திருக்கிறது.

இணைப்பின் உள்ளே இருப்பது என்ன?

ஓர் இணைப்பை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் நான்கு உறுப்புகள் தெரியும். முதலாவது, பித்தளை உடல். அதன் ஒரு முனையில் மரை இருக்கும். மறு முனை குழாய் நுழையும் வாய். வாயினுள்ளே எஃகினாலான பல்வளையம் ஒன்று உண்டு. அதன் பற்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதற்கும் அப்பால் ‘ஓ-ரிங்’ என்னும் ரப்பர் வளையம். வாயின் வெளிப்புறத்தில் அமுக்கினால் அசையும் விடுவிப்பு வளையம். அது பெரும்பாலும் நீல நிறத்திலோ கருநிறத்திலோ இருக்கும்.

குழாயை உள்ளே தள்ளும்போது பற்கள் வழிவிடுகின்றன. குழாய் ரப்பர் வளையத்தைக் கடந்து உள்ளே இருக்கும் தடுப்பில் முட்டி நிற்கிறது. பின்னர்க் காற்றழுத்தம் குழாயை வெளியே தள்ள முயலும். அப்போது பற்கள் அதன் தோலில் மேலும் அழுந்துகின்றன. மீன்பிடிக்கூடையின் வாயில் மூங்கிற் சிம்புகளை உள்நோக்கிச் சாய்த்துக் கட்டியிருப்பதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. உள்ளே போவது எளிது. திரும்பி வருவது அரிது. ஆகவே குழாயைப் பிடித்திருப்பது பல்வளையம். காற்றைத் தடுத்திருப்பது ரப்பர் வளையம். இவ்விரண்டும் வேறு வேறு வேலைகள் என்பதை மறவாதிருக்க வேண்டும். நன்றாகப் பிடித்திருக்கும் குழாய் கசியவும் கூடும்.

அழுத்தம் குழாயை எவ்வளவு பலத்தோடு தள்ளுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கம்ப்ரஸரில் வழக்கமாக வைக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ. 6 மி.மீ. குழாயின் குறுக்குப் பரப்பு 0.28 சதுர சென்டிமீட்டர். ஆகையால் அதனைத் தள்ளும் பலம் ஏறத்தாழ 2 கிலோ. 12 மி.மீ. குழாயிலோ பரப்பு நான்கு மடங்காகிறது. பலமும் 8 கிலோவை எட்டுகிறது. சிறு குழாயைக் கையாளும் அலட்சியத்தோடு பெரிய குழாயைக் கையாளக்கூடாது என்பதற்கு இக்கணக்கே போதும்.

இத்தகைய இணைப்பு வருவதற்கு முன்னர் வழக்கில் இருந்தது, வரிவரியாக மேடிட்ட பித்தளை மூக்கில் ரப்பர்க் குழாயைச் செருகிக் கிளிப்பினாலோ கட்டுக் கம்பியினாலோ இறுக்கும் முறை. நட்டை முறுக்கிச் செம்பு வளையத்தை நசுக்கிச் சேர்க்கும் முறையும் உண்டு. இவை இரண்டும் இன்றும் கெட்டுப்போகவில்லை. அதிர்வும் சூடும் மிகுந்த கம்ப்ரஸர் வாயில் நட்டு வைத்த இணைப்பே நல்லது. தள்ளிச் சேர்க்கும் இணைப்பின் சிறப்பு வேறு. யந்திரத்தின் இடுக்கில், கை நுழையாத மூலையில், பத்துப் பன்னிரண்டு குழாய்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் அதற்கு நிகரில்லை. 4 மி.மீ. குழாய்க்கும் ‘எம்-5’ என்னும் 5 மி.மீ. மரைக்கும் செய்யப்படும் இணைப்பு ஒரு கடலைப்பருப்பின் பருமனே இருக்கும்.

இதற்குப் பித்தளையைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. இரும்பைப்போல் துருப்பிடிக்காது. கடைசல் யந்திரத்தில் கத்திக்கு இணக்கமாக, சுருள் விழாமல் பொடியாக உதிரும். மரை இறுகும்போது சற்றே இணங்கிக் கொடுத்துக் காற்றை அடைக்கும். இதற்கென உபயோகிக்கும் பித்தளைக் கம்பியில் செம்பு ஏறத்தாழ 58 பங்கும், துத்தநாகம் 39 பங்கும், காரீயம் 3 பங்கும் கலந்திருக்கும். நம் நாட்டில் இத்தகைய கடைசல் பித்தளைக்கு ஐ.எஸ். 319 என்ற தரவிதி உண்டு. குஜராத்திலுள்ள ஜாம்நகர் பித்தளைச் சிறு சாமான்களுக்குப் பெயர்போனது. நம் மாநிலத்தில் கோயம்புத்தூரில் காற்றழுத்தக் கருவிகள் செய்யும் ஆலைகள் உண்டு. பித்தளைக் குடத்துக்கு ஈயம் பூசுவதுபோல் இவ்விணைப்பின் மேல் நிக்கல் பூசுகிறார்கள். அதன் பயனும் வரம்பும் பின்னர் விளங்கும்.

அளவு பார்த்து வாங்குதல்

குழாயின் அளவு என்று சொல்வது வெளிவிட்டத்தை. 4, 6, 8, 10, 12 மி.மீ. என்பவை சாதாரணமாகக் கிடைக்கும். இவற்றோடு அங்குல அளவுக் குழாய்களும் கடைகளில் கலந்து கிடப்பதுதான் தொல்லை. கால் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 6.35 மி.மீ.; அது 6 மி.மீ. இணைப்பில் நுழையாது. நுழையாததனால் கெடுதல் இல்லை. ஆனால் 6 மி.மீ. குழாய் கால் அங்குல இணைப்பில் எளிதாக நுழைந்துவிடும். பற்கள் அரைகுறையாகப் பிடிக்கும். சில நாள் நிற்கும். பின்னர் ஒரு நாள் அழுத்தம் ஏறும்போது உருவிக்கொண்டு வரும். குழாயின் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும். அச்சில்லாத குழாயை வாங்காதிருப்பது நலம்.

மரையிலும் இரு வகை உண்டு. ஒன்று கூம்பிச் செல்வது, மற்றொன்று நேரானது. கூம்பு மரை தன் இறுக்கத்தினாலேயே காற்றை அடைப்பது. அதற்கு ஏற்கெனவே பூச்சு இட்டிருந்தால் டெப்லான் நாடா வேண்டியதில்லை. பூச்சு இல்லாவிடில், முதல் மரையை விட்டுவிட்டு, முறுக்கும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்றுப் போதும். நுனிவரை சுற்றிய நாடாவின் கிழிசல் வால்வுக்குள் போய் அடைத்துக்கொண்டு, யந்திரமே பழுதென்று பணியாளரை மயங்கச் செய்துவிடும். நேர் மரைக்கு அடியில் ரப்பர் வளையமோ வாஷரோ இருக்கும். அதற்கு நாடாவே ஆகாது. இரண்டுக்கும் பொதுவான பிழை அளவுக்கு மீறி இறுக்குவது. ‘எம்-5’ மரை கைவிரலால் இறுக்கியபின் சிறு சாவியால் கால் சுற்றுக்குமேல் தாங்குவது அரிது. கழுத்து முறிந்து, மரைத்துண்டு யந்திரத்துக்குள்ளேயே தங்கிவிடும்.

குழாயை வெட்டுவதில் இருக்கிறது வேலை

புதிய இணைப்பு கசிகிறது என்று கடைக்குத் திரும்பி வருபவற்றைப் பரிசோதித்தால், பழுது இணைப்பில் இராது. குழாயின் நுனியில் இருக்கும். கத்தரிக்கோலால் வெட்டிய குழாய் நசுங்கி முட்டை வடிவாகிறது. பழைய பிளேடால் வெட்டிய குழாய் சாய்வாகவும் பிசிறோடும் நிற்கிறது. சாய்ந்த நுனி தடுப்பில் ஒரு பக்கம் மட்டுமே முட்டும். பிசிறு ரப்பர் வளையத்தைக் கீறும். இதற்கென்று கையடக்கமான குழாய் வெட்டி ஒன்று கிடைக்கிறது. அதனை வாங்கி யந்திரத்தின் பக்கத்திலேயே ஒரு சங்கிலியில் தொங்கவிடுவது நன்று. சங்கிலி எதற்கென்றால், நல்ல வெட்டி ஒன்று கூடத்தில் இருப்பது தெரிந்தால் அது வீட்டிற்கு வெண்டைக்காய் நறுக்கப் போய்விடும்.

நுனியைச் செங்குத்தாக வெட்டியபின், அளவுக்கேற்ப 15 முதல் 23 மி.மீ. வரையில் உள்ளே போக வேண்டிய நீளத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு தள்ள வேண்டும். இடையில் ரப்பர் வளையத்தின் தடை ஒன்று தெரியும். அங்கேயே நின்றுவிடுவது புதியவர்களின் வழக்கம். அதையும் கடந்து, குறி மறையும் வரை தள்ளி, பின்னர் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். குழாயை எடுக்கும்போது முதலில் காற்றை நிறுத்தி, வரியிலுள்ள காற்றையும் வெளியேற்றிவிட்டு, விடுவிப்பு வளையத்தை எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கி உருவ வேண்டும். எடுத்த குழாயை மறுபடியும் செருகுமுன் பற்கள் பதிந்த நுனியை வெட்டி எறிந்துவிட வேண்டும். அத்தழும்புகளே காற்றுக்கு வாய்க்காலாகும். ஆகையால் குழாயை முதலில் பூட்டும்போதே ஒரு சாண் கூடுதலாக விட்டு வைப்பது அறிவுடைமை.

இணைப்பின் வாயிலிருந்து சிறிது தூரம் குழாய் நேராகச் செல்ல வேண்டும். வாயிலேயே வளைந்தால் குழாய் ரப்பர் வளையத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி மறுபக்கத்தில் வழி திறக்கும். வளைவு தேவைப்படும் இடத்தில் ‘எல்போ’ போட்டுக்கொள்வதே முறை. பி.யூ. குழாய் மெத்தென்று வளையும். ஆனால் சூட்டில் அதன் தாங்கும் சக்தி குறையும். வேலூர் வட்டாரத்துச் சித்திரை மாதத்தில் தகரக் கூரையின் அடியில் குழாயை ஓட்டுபவர்கள் இதனைக் கருத வேண்டும். அவ்விடத்தில் நைலான் குழாய் ஏற்றது.

காலணிக் கூடங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பசையைத் துடைக்கும் தின்னரால் இணைப்பைத் துடைக்கக்கூடாது. சாதாரண ஓ-ரிங் நைட்ரைல் என்னும் ரப்பரினால் ஆனது. அது எண்ணெயைத் தாங்கும். அசிட்டோன் போன்ற கரைப்பான்களில் ஊறிப் பருத்துக் கெட்டுவிடும். பி.யூ. குழாய்க்கும் அவை ஆகா.

கசிவின் கணக்கு

காற்று இலவசம் என்னும் எண்ணமே இத்துறையில் மிகப் பெரிய நஷ்டத்திற்குக் காரணம். 7 கிலோ அழுத்தத்தில் 1 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளையின் வழியே நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 முதல் 75 லிட்டர் வரை காற்று வெளியேறும். 1 குதிரைச் சக்தியுள்ள சிறு கம்ப்ரஸர் தருவதோ நிமிடத்திற்கு 100 லிட்டர் அளவேயாகும். அதாவது அத்துளை ஒன்றே அக்கம்ப்ரஸரின் உழைப்பில் பாதிக்குமேல் விழுங்கிவிடும். மணிக்கு அரை யூனிட் மின்சாரம் அதற்குச் செலவாவதாகக் கொண்டால் நாளொன்றுக்கு 8 மணியில் 4 யூனிட். ஆண்டில் 300 நாள் வேலை செய்தால் 1,200 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 9,600 ரூபாய். தனி இணைப்பு ஒன்றின் கசிவு இவ்வளவு பெரிதாக இராது. ஆனால் பத்து இணைப்புகளின் சில்லறைக் கசிவுகள் சேர்ந்தால் இந்த அளவை எட்டுவது எளிது. கவனிப்பாரற்ற ஆலைகளில் உற்பத்தியாகும் காற்றில் 20 முதல் 30 சதவிகிதம் வரை கசிவிலேயே போவதுண்டு.

தம் கூடத்தில் எவ்வளவு போகிறது என்று அறிய விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டா. மாலையில் வேலை முடிந்தபின் தொட்டியை 7 கிலோ வரை நிரப்பிக் கம்ப்ரஸரை நிறுத்திவிட வேண்டும். எந்த யந்திரமும் ஓடக்கூடாது. ஆனால் வரியின் வால்வுகள் திறந்தே இருக்க வேண்டும். அழுத்தமானியின் முள் 7-லிருந்து 5-க்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். தொட்டியின் கொள்ளளவை இறங்கிய அழுத்தத்தால் பெருக்கி, நிமிடத்தால் வகுத்தால் கசிவு கிடைத்துவிடும். 160 லிட்டர்த் தொட்டியில் 2 கிலோ இறங்க 10 நிமிடம் ஆனால், 160-ஐ 2-ஆல் பெருக்கி 10-ஆல் வகுக்க, நிமிடத்திற்கு 32 லிட்டர். 1 குதிரைச் சக்திக் கம்ப்ரஸருக்கு இது மூன்றில் ஒரு பங்கு நஷ்டம். இச்சோதனையை மாதம் ஒருமுறை செய்து சுவரில் எழுதிவைக்கும் குழுவினர் பின்னர்த் தாமாகவே கசிவைத் தேடத் தொடங்கிவிடுவர்.

தேடுவதற்குச் சோப்பு நுரை போதும். ஒரு பழைய தூரிகையால் ஒவ்வோர் இணைப்பிலும் மரைப்பக்கம், குழாய் வாய் என இரண்டு இடத்திலும் தடவிப் பார்க்க வேண்டும். மரையில் குமிழி வந்தால் கழற்றி மறுபடியும் பூட்டலாம். குழாய் வாயில் வந்தால் நுனியை வெட்டிச் செருகலாம்; அதன் பிறகும் வந்தால் இணைப்பையே மாற்றிவிட வேண்டும். சில பத்து ரூபாய்ச் சாமானை ரிப்பேர் செய்வதில் சிக்கனம் இல்லை.

பித்தளைக்கு ஒரு பகை

பித்தளைப் பாத்திரத்தில் தயிரை வைத்தால் களிம்பேறும் என்பது நம் வீட்டுப் பெண்கள் அறிந்ததே. ஆனால் அக்களிம்பு மெல்ல மெல்ல அரிப்பது; கண்ணுக்கும் தெரிவது. அம்மோனியாவினால் வரும் கேடு அப்படிப்பட்டதன்று. பார்வைக்கு நன்றாக இருக்கும் பித்தளை ஒரு நாள் திடீரென்று விரிந்துவிடும்.

இதன் வரலாறு நம் நாட்டோடு தொடர்புடையது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் இந்தியாவிலிருந்த பட்டாளங்கள் துப்பாக்கித் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களை அடுத்து வைத்திருந்தன. மழை நின்றபின் எடுத்துப் பார்த்தால் தோட்டாவின் பித்தளைக் கூடுகள் நெடுக விரிந்திருக்கும். மழைப் பருவத்தில் நேர்ந்ததால் இதற்குப் ‘பருவ விரிசல்’ என்றே பெயர் வந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், காற்றின் ஈரமும், கூட்டை இழுத்து உருவாக்கியபோது உலோகத்தில் தங்கிவிட்ட இறுக்கமும் ஆகிய மூன்றும் கூடிச் செய்த வேலை இது என்பது 1921-இல் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. மூன்றில் ஒன்று குறைந்தாலும் விரிசல் இல்லை. அதனால் கூட்டை மிதமாகச் சுட்டு இறுக்கத்தைத் தணிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

இப்போது தோல் கிடங்கைப் பார்ப்போம். தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு ஊறவைக்கிறார்கள். பிறகு அந்தச் சுண்ணாம்பை நீக்க அம்மோனியம் சல்பேட்டோ அம்மோனியம் குளோரைடோ சேர்க்கிறார்கள். அப்போது சுண்ணாம்போடு கூடி அம்மோனியா எழும்பும். ஈரத்திற்கோ அங்கே குறைவே இல்லை. அளவுக்கு மீறி இறுக்கிய கூம்பு மரையில் உலோக இறுக்கமும் தயாராக இருக்கிறது. இவ்வாறு மூன்றும் ஒன்றுகூடும் இடத்தில் பித்தளை இணைப்பை வைப்பது, லாயத்துக்குப் பக்கத்தில் தோட்டாவை வைத்ததற்கு ஒப்பானது. போதாக்குறைக்குச் சல்பைடு நீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு செம்பு கலந்த உலோகங்களைக் கறுக்கச் செய்யும். அவ்வேலை செய்வோரின் வெள்ளி நகை கறுப்பதற்கும் அதுவே காரணம். அவ்வாயு மனித உயிருக்கும் கொடியது. அது தனியே எழுதத்தக்க விஷயம்.

நிக்கல் பூச்சு ஓரளவு காக்கும். ஆனால் சாவி பட்டுக் கீறிய இடத்திலும், மரையின் கூர்மையிலும் பூச்சு இருப்பதில்லை. அங்கே பித்தளை வெளியே தெரிகிறது.

விவசாயிகள் இதனைத் தோல் ஆலைக்காரர் கவலை என்று ஒதுக்கிவிட வேண்டாம். மாட்டுத் தொழுவத்திலும், ஆழ்கூளக் கோழிப்பண்ணையிலும், ஈரம் கசியும் உரக் கிடங்கிலும் அம்மோனியா உண்டு. கோழிப்பண்ணையில் கோடைக்காலத்தில் பனிபோல் நீர் தெளிக்கப் போடும் குழாய்களிலும் இதே போன்ற பித்தளைத் தள்ளு இணைப்புகளே பெரும்பாலும் வருகின்றன. கையால் காற்றடித்துத் தெளிக்கும் பித்தளைத் தெளிப்பானில் யூரியாக் கரைசலை ஊற்றி அப்படியே மூலையில் வைத்துவிடுவோரும் உண்டு. வேலை முடிந்தவுடன் நல்ல நீரால் இருமுறை கழுவிக் கவிழ்ப்பது வேண்டும். ஐஸ் ஆலைகளையும் பெரிய பால் குளிர்விப்பு நிலையங்களையும் பார்த்தவர்கள் அங்கே அம்மோனியா செல்லும் குழாயும் வால்வும் இரும்பிலும் எஃகிலுமே இருப்பதைக் கவனித்திருப்பர். செம்பையும் பித்தளையையும் அவர்கள் அதன் அருகில் சேர்ப்பதில்லை.

ஆயின் என்ன செய்வது? துருவேறா எஃகு இணைப்புகள் கிடைக்கின்றன. விலை பல மடங்கு. உடல் முழுவதும் பிளாஸ்டிக்கினால் ஆனவையும் உண்டு. கைபடாத இடத்தில் அவை போதும். இவ்விரண்டினும் எளிய வழி ஒன்று இருக்கிறது. வால்வுகளையும் இணைப்புகளையும் ஒரு பெட்டியிலிட்டுச் சுண்ணாம்புத் தொட்டி இருக்கும் அறைக்கு வெளியே, காற்றோட்டமான சுவரில் பொருத்தி, உள்ளே இணைப்பே இல்லாத முழுக் குழாயை மட்டும் கொண்டுபோகலாம். ஐந்து மீட்டர்க் குழாய் கூடுதலாகச் செலவாகும்; அவ்வளவே. தோலுக்கு மெருகு தெளிக்கும் அறையும் காலணி தைக்கும் அறையும் இத்தொல்லைக்குள் வாரா. அங்கே பித்தளையே நெடுநாள் உழைக்கும்.

குடிநீர்க் குழாயில் பூட்டலாகாது

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் இது. கிராமங்களில் இன்று குடிநீர் சுத்திகரிப்பு யந்திரங்கள் இயங்குகின்றன. அவற்றிலும் தள்ளிச் சேர்க்கும் இணைப்புகளே உள்ளன. அவை உணவுத் தரமுள்ள பிளாஸ்டிக்கில் செய்தவை. ஒன்று உடைந்த அன்று, பழுது பார்ப்பவர் தம் பையில் இருக்கும் காற்றுக் குழாய் இணைப்பைப் பூட்டிவிட்டுப் போய்விடக்கூடும். அளவு பொருந்தும், நீரும் கசியாது. ஆனால் அப்பித்தளையில் காரீயம் கலந்திருக்கிறது. நம் நாட்டுக் குடிநீர்த் தரவிதியான ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குமேல் காரீயத்தை அனுமதிப்பதில்லை. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆகையால் சுத்திகரிப்பு நிலையத்தில் குடிநீர்க்குரிய மாற்று இணைப்புகள் நான்கைந்தை முன்கூட்டியே வாங்கி வைப்பதும், பழுது பார்த்தபின் அங்கத்தினர் ஒருவர் நேரில் பார்ப்பதும் அவசியம். மஞ்சளாகவோ நிக்கல் பளபளப்போடோ புதிய இணைப்பு ஏதேனும் தென்பட்டால் அதனை உடனே மாற்றச் சொல்லலாம்.

அதேபோல, லாரியிலும் பேருந்திலும் காற்று பிரேக் குழாய்க்கென்று தனியே சோதித்துச் சான்று பெற்ற இணைப்புகள் உண்டு. தொழிற்கூடத்து இணைப்பை அங்கே பூட்டுவது பிறர் உயிரோடு விளையாடுவதாகும்.

தொட்டியும் காற்றும்

கம்ப்ரஸர்த் தொட்டியின் அடியிலுள்ள வடிகால் குழாயை நாள்தோறும் திறந்துவிட வேண்டும். ஐப்பசி மாதத்து ஈரக் காற்றை 1 குதிரைச் சக்திக் கம்ப்ரஸர் ஐந்து மணி நேரம் இழுத்து அழுத்தினால் அரை லிட்டருக்கும் அதிகமான நீர் தொட்டியில் தங்கிவிடும். வடிக்காவிட்டால் அந்நீர் தொட்டியின் அடியை உள்ளிருந்தே அரிக்கும். குழாய் வழியே சென்று வால்வையும் கெடுக்கும். மெருகு தெளிக்கும் தோலில் அம்மைத் தழும்புபோல் புள்ளிகள் விழுவதற்கும் இந்நீர் ஒரு காரணம். காப்பு வால்வை மாதம் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். அதிலிருந்து காற்று வருகிறது என்று கம்பியால் கட்டிவிடுவோர் இருக்கின்றனர். அது தொட்டியை வெடிகுண்டாக்கும் செயல்.

உடையில் ஒட்டிய தூசியை காற்றுக் குழாயால் ஊதிக்கொள்ளும் வழக்கம் பல கூடங்களில் உண்டு. விளையாட்டாக ஒருவர் மேல் ஒருவர் பாய்ச்சுவதும் உண்டு. இவ்விளையாட்டினால் குடல் கிழிந்து இறந்தவர்கள் நம் நாட்டிலேயே உள்ளனர். தோலில் சிறு காயம் இருந்தால் அதன் வழியேயும் காற்று உடலுக்குள் புகும். இளைஞர்களை வேலைக்குச் சேர்க்கும் நாளிலேயே இதனைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

யந்திரத்திற்கு விலைப்புள்ளி கேட்கும்போது, கம்ப்ரஸரின் குதிரைச் சக்தியை மட்டும் பார்க்காமல், எந்த அளவுக் குழாய், எந்த மரை, இணைப்பின் உலோகம் எது என்பவற்றையும் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். ஒரே கூடத்தில் 6, 8 மி.மீ. என்ற இரண்டு அளவுகளுக்குள் எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டால் கையிருப்புச் சாமான் குறையும். ஒவ்வோர் அளவிலும் நேர் இணைப்பு நான்கு, எல்போ நான்கு, டீ இரண்டு, வரியை அடைக்கும் முளை இரண்டு, பத்து மீட்டர்க் குழாய் ஆகியவை ஒரு டப்பாவில் இருந்தால் ஒரு கசிவுக்காகச் சோளிங்கரிலிருந்து இராணிப்பேட்டைக்கு ஓட வேண்டியதில்லை. கழற்றிப் போட்ட பழைய இணைப்புகளுக்கும் வேறொரு டப்பா வைக்கலாம். பல்வளையத்தையும் ரப்பரையும் பிரித்தெடுத்துவிட்டால், பழைய பித்தளைக்கு எடைக்கடையில் இரும்பைவிடப் பல மடங்கு விலை உண்டு.